பட்டாளத்துத் தாத்தாவின் ஓய்வு நாட்களைத் தேடுவது எப்படி?

என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவு போட்டோ ஒன்று கிடந்தது. மூன்று பட்டாளத்துக்காரர்கள். பின்னால் துணியில் வரைந்த மாளிகையும் படிக்கட்டும். தாத்தா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரம் தெரியட்டும் என்று இடது சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டிருக்கிறார். போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் 10-9-44 என்ற தேதியும், பாதி அழிந்த ஸ்டுடியோ முத்திரையும் மட்டும். அந்தக் கடிகாரத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மற்ற இருவர் யாரென்றும் தெரியவில்லை.

அந்த ஒரு நாள் அவருக்கு எப்படிக் கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் எட்டு மாதத்தில் முடிந்திருக்கும். நான் கேட்ட இடத்தில் எல்லாம் "பர்மா சண்டையில் இருந்தார்" என்று சொல்லிச் சண்டையைப் பற்றியே கேட்டேன். ஆனால் பட்டாளத்தில் ஒருவர் நான்கு வருடம் இருந்தால் அதில் பெரும்பகுதி முகாமில் கழிந்த நாட்கள்தான். துணி துவைத்தது, வாலிபால் ஆடியது, கடிதத்துக்குக் காத்திருந்தது, டீ வண்டி வந்தால் வரிசையில் நின்றது. தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த நாட்களைக் கண்டுபிடிக்க முடிகிறது. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்து உயிரோடு திரும்பியவர்களின் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டுப் பெட்டி

எந்த அலுவலகத்துக்கும் எழுதுவதற்கு முன் வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் சான்றிதழ், பே புக் (சம்பளக் கணக்குப் புத்தகம்), பதக்கங்கள், கடிதங்கள், கடித உறைகள், போட்டோக்கள், மணியார்டர் ரசீதுகள். மணியார்டர் ரசீதை யாரும் மதிப்பதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. ரசீதில் அவருடைய நம்பரோ யூனிட் பெயரோ இருக்க வாய்ப்பு உண்டு.

பதக்கங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். சில பதக்கங்களின் ஓரத்திலோ பின்புறத்திலோ நம்பர், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். தேய்த்தால் அது மங்கிவிடும். ஆறு முனை நட்சத்திரம் இருந்தால் அதன் நடுவில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் முதல் 1943 மே வரைக்குள் வட ஆப்பிரிக்கா அல்லது கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம். இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூன் முதல் 1945 மே வரைக்குள். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரைக்குள். தேட வேண்டிய வருடங்கள் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கிறதா என்று ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் செல்போனில் படம் எடுங்கள், அழுத்தம் தெரியும்.

அப்புறம் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் இதே வாரத்தில் போய்ப் பேசுங்கள். "தாத்தா எந்தச் சண்டையில் இருந்தார்?" என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்று முடிந்துவிடும். "லீவில் வந்தால் என்ன கொண்டுவருவார்?" என்று கேளுங்கள். என் பெரிய அத்தை அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசினார். கம்பளி, தகர டப்பா, "அஸ்ஸாம் பக்கம் மழை நிக்கவே நிக்காது" என்று தாத்தா சொன்ன பேச்சு எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன.

2. நம்பர், பெயர், பிரிவு: மூன்றையும் உறுதி செய்யுங்கள்

பட்டாள நம்பர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், சேர்ந்த வருடம் என்று முடிந்தவரை திரட்டுங்கள்.

இங்கே நிறைய பேர் தடுக்கி விழும் இடம் எழுத்துக்கூட்டல். ஆவணத்தில் தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், திருச்சி டிரிச்சினாபொலி என்றும், திருநெல்வேலி டின்னவெல்லி என்றும், செங்கல்பட்டு சிங்கிள்புட் என்றும் இருக்கும். பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்காது, அப்பா பெயரோ சாதிப் பெயரோ பின்னால் ஒட்டியிருக்கலாம். என் தாத்தா பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மனுவிலும் அதைச் சேர்க்க வேண்டும். "கிளாஸ்", அதாவது எந்த இனத்தார் என்ற இடத்தில் "மதராஸி" என்று இருந்தால் அதில் தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாருமே அடக்கம்.

பிரிவு விஷயத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டுக்காரர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்களிலிருந்து போன ஏராளமானவர்கள் லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள், சமைத்தார்கள். இன்று பழைய பதிவுகளை வைத்திருக்கும் ஆவண அலுவலகங்கள் பிரிவுக்குப் பிரிவு வேறு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸுக்கு, அதாவது "தம்பி"கள் என்று பட்டாளத்தில் கூப்பிடும் பொறியாளர் படைக்கு, பெங்களூரு. சாலை போடும், சுமை தூக்கும் பயனியர் கோருக்கும் பெங்களூருதான். லாரி, ரேஷன் வேலை பார்த்த சர்வீஸ் கோரின் தெற்குப் பகுதி ஆவணமும் அங்கேதான். தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, பீரங்கிப் படைக்கு நாசிக், ஆயுத, தளவாடக் கிடங்குகளைப் பார்த்த ஆர்டினன்ஸுக்கும் வண்டி, கருவி பழுது பார்த்த இ.எம்.இ.க்கும் செகந்திராபாத். நான் முதலில் தவறான அலுவலகத்துக்கு எழுதி நான்கு மாதம் காத்திருந்தேன். என் தாத்தா லாரி டிரைவர், நான் எழுதியது காலாட்படைக்கு.

3. கடிதத்தைவிட உறைக்கு மதிப்பு அதிகம்

போர்க்காலக் கடிதத்தில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. தணிக்கை அதிகாரி படித்துத்தான் அனுப்புவார். அதனால் "நான் சுகம், இங்கே மழை, பசு கன்று போட்டதா" என்ற அளவில்தான் இருக்கும். இடத்தைச் சொல்வது உறைமேல் உள்ள வட்ட முத்திரை. அதில் எஃப்.பி.ஓ. என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். அது படை போன இடத்துக்குக் கூடவே போன கள அஞ்சலகத்தின் எண். அந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்ற பட்டியல்களைத் தபால்தலை சேகரிப்பவர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அருகில் தபால்தலைச் சங்கம் இருந்தால் உறையின் தெளிவான படத்தைக் காட்டுங்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது, செலவும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. கள அஞ்சலகம் இடம் மாறும், ஆகவே எண்ணைத் தேதியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மற்றது, "நம்பர் இத்தனை ஏ.பி.பி.ஓ." என்று முகவரியில் இருப்பது பின்னணியில் இருந்த தளத் தபால் நிலையம். அது பல யூனிட்டுகளுக்குப் பொது. அதை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

கடிதத்தின் கையெழுத்து வருடத்துக்கு வருடம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். எழுதத் தெரிந்த தோழர்கள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் தாத்தாவின் கடிதங்களில் 1944 கடைசிக்குப் பிறகு ஒரு கோணல் கையெழுத்து வருகிறது, அது அவருடையதுதான். முகாமில் சும்மா இருந்த நாட்களில் எழுதப் பழகியிருக்கிறார்.

4. ஆவண அலுவலகத்துக்கு மனு

சாதாரணக் கடிதம் போட்டால் பதில் வருமா வராதா என்று தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் தரைப்படையைத் தேர்ந்தெடுத்தும் அனுப்பலாம். அப்படிப் போனால் டெல்லி வழியாக உரிய அலுவலகத்துக்குத் திருப்பி விடுவார்கள், கொஞ்சம் நாள் கூடும். அலுவலகம் எது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தியன் போஸ்டல் ஆர்டர் இணைத்து ஸ்பீடு போஸ்டில் நேராக அனுப்புவது நல்லது. மனுவை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இணைக்க வேண்டியவை: உங்கள் அடையாளச் சான்று, அவருடைய இறப்புச் சான்றிதழ், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ் அல்லது குடும்ப அட்டை போன்ற ஒன்று, டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருந்தால் அதன் நகல். அசலை எந்தக் காரணத்துக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். பழைய இறப்புக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் அதை வாங்குவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆகவே இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

"அவரைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஷீட் ரோல் (அவருக்கென்று இருந்த தனிப் பணிப் பதிவுத்தாள்), லாங் ரோல் பதிவு, பார்ட் டூ ஆர்டர்கள், அவர் இருந்த யூனிட்டுகளின் பெயரும் தேதியும். இதில் பார்ட் டூ ஆர்டர் நமக்குத் தங்கம். லீவு, ஆஸ்பத்திரி, பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அதில்தான் பதிவாகும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை லீவு என்று ஒரு வரி கிடைத்தால் போதும், உங்கள் தேடலின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

சரி, இப்போது பெரிய பள்ளம். "பென்ஷன் பெறாதவர்களின் ஆவணம் 25 ஆண்டுகளுக்குப் பிறகு விதிப்படி அழிக்கப்பட்டது" என்று பதில் வரலாம். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரும்பாலோர் பென்ஷன் இல்லாதவர்கள், அதனால் இந்தப் பதில் சகஜம். எனக்கும் வந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எதுவும் செய்யாமல் இருந்தேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். அழிக்கப்படுவது ஷீட் ரோல். லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். அதில் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் போன்றவை இருக்கும். "லாங் ரோல் பதிவின் நகல்" என்று மட்டும் தனியாகக் கேட்டு மறுபடி எழுதுங்கள்.

தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால், பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. சட்டத்தின் 8(3) பிரிவு 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றியது. அதைக் குறிப்பிட்டு, உறவுச் சான்றையும் மறுபடி இணையுங்கள். சண்டைக்குப் போகும் தொனி வேண்டாம். அங்கே உட்கார்ந்து எண்பது வருடப் பழைய பதிவேட்டைப் புரட்டப் போகிறவர் ஒரு ஹவில்தார். மரியாதையாக, சுருக்கமாக எழுதிய மனுவுக்கு அவர் கூடுதலாக ஒரு பக்கம் தேடிக் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.

கூடவே உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். தாத்தாவோ பாட்டியோ எப்போதாவது நிதியுதவிக்கு விண்ணப்பித்திருந்தால் அங்கே ஒரு கோப்பு இருக்க வாய்ப்பு உண்டு. என் பாட்டி 1980களில் கொடுத்த விண்ணப்பத்தில்தான் யூனிட்டின் எண் இருந்தது.

5. யூனிட்டின் போர் நாட்குறிப்பு

பெயரைப் பார்த்து இது முழுக்கச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு யூனிட்டும் தினமும் நடந்ததை எழுதி மாதாமாதம் மேலே அனுப்ப வேண்டும். ஒன்றும் நடக்காத நாளுக்கும் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். அந்த ஒரு வரியில்தான் நம் தாத்தாக்களின் ஓய்வு இருக்கிறது.

இந்தியப் படை யூனிட்டுகளின் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் நிறைய உள்ளன. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்றால் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது பிரிட்டன் போர்த் துறை) 169 வரிசை, இத்தாலி என்றால் 170, பர்மா, அஸ்ஸாம் என்றால் 172. பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். யூனிட் எண்ணையும் வருடத்தையும் போட்டுத் தேடி, முழுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்புப் பக்கங்கள் பெரும்பாலும் இணையத்தில் இல்லை, நேரில்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போகிறவருக்கு அனுமதி இலவசம், வாசகர் அட்டையும் இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோக வேண்டும். ஆவணத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. சொந்த கேமராவில் படம் எடுக்கக் காசு இல்லை. லண்டனில் படிக்கும், வேலை பார்க்கும் சொந்தக்காரப் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு பகல் போதும். யாரும் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். காப்பகமே நகல் எடுத்து அனுப்பும் சேவையும் உண்டு, ஆனால் பக்கக் கணக்கில் செலவு சீக்கிரம் ஏறிவிடும். நான் ஆசைப்பட்டு முழு வருடத்துக்கும் நகல் கேட்டேன், விலையைப் பார்த்து நிறுத்திவிட்டேன். கடிதமோ போட்டோவோ உள்ள மாதங்களை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னிணைப்புகளையும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள். விளையாட்டுப் போட்டி அறிவிப்பு, லீவு ஏற்பாடு போன்றவை ஒட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும்.

படிக்கும்போது கண்ணில் பட வேண்டிய சொற்கள்: லீவ் பார்ட்டி (சேர்ந்து லீவில் போகும் குழு), ரெஸ்ட் கேம்ப், பே பரேட் (சம்பளம் வாங்க நிற்கும் வரிசை), பாத் பரேட் (குளியலுக்குப் போகும் வரிசை), கிட் இன்ஸ்பெக்‌ஷன், கேன்டீன், சினிமா, ஹாக்கி, மெயில். இடத்தின் பெயருக்குப் பதில் வரைபட எண் இருந்தால் விட்டுவிடாதீர்கள், முந்தைய பிந்தைய நாட்களில் ஊர்ப் பெயர் வரும். சாதாரணச் சிப்பாயின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "பத்துப் பேர்" என்றுதான் இருக்கும். அந்தப் பத்தில் அவர் இருந்தாரா என்பதை பார்ட் டூ ஆர்டரோ கடிதமோ போட்டோவோதான் சொல்ல வேண்டும்.

சுற்றுப்புறத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குப் போகும் சாலை 1944 மார்ச் கடைசியில் அடைபட்டு ஜூன் 22 அன்று மறுபடி திறந்தது. என் தாத்தாவின் கடிதங்களில் அந்த இடைவெளி அப்படியே தெரிகிறது. ஜூலை முதல் அவர் அந்தச் சாலையில் லாரி ஓட்டினார். நாட்குறிப்பில் வண்டிகளின் எண்ணிக்கையும் மண்சரிவும் மழையும் பக்கம் பக்கமாக வருகின்றன. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: "ஓய்வு. துணி துவைப்பு. மாலை வாலிபால்." அந்த மூன்று சொற்றொடரை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

6. படங்களும் தணிக்கை அறிக்கைகளும்

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் இந்தியப் படையினரின் படங்கள் நிறைய உள்ளன. பார்க்கக் கட்டணம் இல்லை. ஐ.என்.டி. என்று தொடங்கும் எண்கள் இந்தியாவிலும் பர்மாப் பக்கமும் எடுத்தவை, எஸ்.இ. தென்கிழக்கு ஆசியா, இ. மத்தியக் கிழக்கு. தாத்தாவின் முகத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் குடித்த டீ எந்த மாதிரி வண்டியில் வந்தது, கூடாரம் எப்படி இருந்தது, முடி எங்கே வெட்டினார்கள் என்று பாருங்கள். அன்றைய தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் முகாம்களுக்கு டீ வண்டிகளை அனுப்பியது, கிராமபோன் பாட்டோடு. "பாட்டுப் போடும் டீ வண்டி" என்று அத்தை சொன்னதை நான் முதலில் நம்பவில்லை, படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வீட்டில் ஒரு கடிதம்கூட மிஞ்சாதவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்./பி.ஜே./12 வரிசை உதவும். மத்தியக் கிழக்கில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து தணிக்கைக்காரர்கள் எடுத்த பகுதிகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கின்றன. வீட்டு அரிசி விலை, லீவு கிடைக்காத ஏக்கம், கடிதம் வராத கவலை எல்லாம் அவர்கள் வாயாலேயே. பர்மா முனைக்குப் போனவர்களின் குடும்பத்தார் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பல பேர் வாரக்கணக்கில் தேடுகிறார்கள். அதில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். திரும்பி வந்தவரை அங்கே தேட வேண்டாம். அவருடைய தோழர் யாராவது திரும்பி வரவில்லை என்று வீட்டில் பேச்சு இருந்தால் மட்டும் பாருங்கள்.

7. காலண்டர் போடுங்கள்

ஒரு மாதத்துக்கு ஒரு தாள். இடப்பக்கம் தேதி. நடுவில் நாட்குறிப்பு சொல்வது. வலப்பக்கம் கடிதம், முத்திரை, போட்டோ, பெரியவர்கள் சொன்னது. ஒவ்வொரு வரிக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஊகத்தைப் பென்சிலிலும் உறுதியானதைப் பேனாவிலும் எழுதினால் பிறகு குழப்பம் வராது. நகல்களை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கட்டாயம் வேறு வீட்டில்.

என்னுடைய செப்டம்பர் 1944 தாளில் இப்போது இருப்பது இவ்வளவு. 6ஆம் தேதி பேனாவில்: பத்துப் பேர் கொண்ட லீவ் பார்ட்டி ஷில்லாங் புறப்பட்டது, நாட்குறிப்பு. 10ஆம் தேதி பேனாவில்: போட்டோ. ஸ்டுடியோ முத்திரையில் கடைசி நான்கு எழுத்து மட்டும் தெரிகிறது, அது ஷில்லாங் என்ற ஆங்கிலப் பெயரின் கடைசி நான்கு எழுத்தோடு ஒத்துப்போகிறது. 11ஆம் தேதி பென்சிலில்: கடிதத்தில் "இங்கே குளிர், நன்றாகத் தூங்கினேன்." 12 முதல் 19 வரை வெற்றிடம். 20ஆம் தேதி பேனாவில்: லீவ் பார்ட்டி திரும்பியது, மழை, வண்டிகள் ஓடவில்லை.

அந்த இருவர் பெயரும் கடிகாரமும் இன்னும் பென்சில் பக்கத்தில்தான் இருக்கின்றன. செப்டம்பர் மாதப் பின்னிணைப்புக்கு எழுதியிருக்கிறேன்.